பாட்டு தரும் அனுமதி

இளைஞர்களைப் பாட்டு கெடுக்கிறதா, இல்லை ஊரில் நடப்பதைத்தான் பாடுகிறதா? இந்தப் பழைய வழக்கில் இரண்டு தரப்பும் பாதி உண்மையோடு நின்றுவிடுகின்றன. மீதிப் பாதியைத் தேடுகிறது இந்தக் கட்டுரை.

2017 ஏப்ரலில் அமெரிக்க ராப் பாடகர் லாஜிக் ஒரு பாட்டை வெளியிட்டார். அதன் தலைப்பே ஒரு தொலைபேசி எண்: 1-800-273-8255. தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்கள் அழைத்துப் பேசுவதற்காக அந்த நாட்டில் அப்போது இயங்கிவந்த உதவி எண் அது. சாகத் துணிந்த ஒருவன் அந்த எண்ணை அழைக்கிறான். மறுமுனையில் இருப்பவர் அவனோடு பேசுகிறார். கடைசியில் அவன் வாழ்ந்து பார்க்க முடிவெடுக்கிறான். பாட்டின் கதை இவ்வளவுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் எம்.டி.வி. விருது விழாவிலும், 2018 ஜனவரியில் கிராமி விழாவிலும் லாஜிக் அதை மேடையேற்றினார். பாட்டு பரபரப்பாகப் பேசப்பட்ட 34 நாட்களை எடுத்து ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். வழக்கமாக வரக்கூடியதைவிட 9,915 அழைப்புகள் கூடுதலாக வந்திருந்தன. எதிர்பார்க்கப்பட்ட எண்ணிக்கையைவிட 245 தற்கொலைகள் குறைவாகப் பதிவாகியிருந்தன. 2021-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இந்த ஆய்வை வெளியிட்டது. இந்த மாற்றம் முழுவதற்கும் பாட்டு ஒன்றே காரணம் என்று ஆய்வாளர்கள் அடித்துச் சொல்லவில்லை. ஆனால், பாட்டு என்பது வெறும் பொழுதுபோக்கு, அதைக் கேட்டு யாரும் எதையும் செய்துவிடப் போவதில்லை என்று சொல்பவர்கள் இந்த எண்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எதிர்த் தரப்பும் ஒரு வழக்குக்குப் பதில் சொல்ல வேண்டும். 1985 டிசம்பரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இரண்டு இளைஞர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள். ஒருவர் அங்கேயே இறந்தார். மற்றவர் படுகாயத்தோடு பிழைத்து, மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு இறந்தார். ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் இசைத்தட்டில் மறைவாகப் பதிந்திருந்த ஒரு கட்டளைதான் அவர்களைத் தூண்டியது என்று குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தார்கள். 1990-ல் ரீனோ நகர நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. பாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்தும் திருப்பிப் போட்டும் கேட்டார்கள். அந்த இளைஞர்களின் வீடுகளில் நடந்த வன்முறையும் குடிப்பழக்கமும் சாட்சியங்களாக வெளியே வந்தன. சாவுக்குப் பாட்டு காரணமல்ல என்று தீர்ப்பானது. பிள்ளைகளின் ஒவ்வொரு துயரத்துக்கும் ஒரு பாட்டைப் பிடித்துக் கூண்டில் ஏற்றுபவர்கள் இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. இல்லாத துயரத்தையோ இல்லாத ஆசையையோ பாட்டு ஒருவருக்குள் உண்டாக்கிவிடுவதில்லை. லாஜிக்கின் பாட்டைக் கேட்டுத் தொலைபேசியை எடுத்தவர்களிடம் துயரம் ஏற்கெனவே இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று பாட்டு ஒரு வழி காட்டியது. அப்படிச் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னது. வழியும் அனுமதியும், இந்த இரண்டும்தான் பாட்டின் பலம். நல்ல பாட்டுக்கு மட்டுமல்ல, கெட்ட பாட்டுக்கும் அதே பலம்தான். இளம் வயதுக்கு வேண்டிய வேறு வழிகளை யாரும் சொல்லித் தராத இடத்தில், அந்தப் பலம் பல மடங்காகிறது.

மிளகாய்ச் சாறும் காதல் பாட்டும்

இதைச் சோதித்துப் பார்ப்பது சுலபமில்லை. கோபக்காரப் பிள்ளை கோபமான பாட்டைத் தேடிப்போவதும் உண்டு. 2006-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பகுதியில் 1,258 இளையோரைச் சிறு வயதிலிருந்து தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு வெளியானது. கறுப்பு உடையும் இருண்ட இசையுமாகத் திரியும் ‘காத்’ கூட்டத்தோடு தம்மை அடையாளப்படுத்திக்கொண்டவர்களிடம், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் மிக அதிகமாக இருந்தது. ஆனால் அவர்களில் சிலர் அந்தக் கூட்டத்தில் சேருவதற்கு முன்பே காயப்படுத்திக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். மனக்காயத்தோடு இருந்தவர்கள் தங்களைப் புரிந்துகொள்ளும் இசையைத் தேடிச் சேர்ந்திருக்கவும் கூடும். ஆகவே, இன்ன பாட்டைக் கேட்பவன் இன்ன தவறு செய்கிறான் என்ற கணக்கை மட்டும் வைத்துப் பாட்டின் மேல் பழிபோட முடியாது.

யார் எதைக் கேட்பது என்பதை ஆய்வாளரே தீர்மானித்துவிட்டால் இந்தச் சிக்கல் விலகும். பீட்டர் ஃபிஷர், டோபியாஸ் கிரைட்டமையர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் அப்படி ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இளைஞர்களில் ஒரு பிரிவினருக்குப் பெண்களை இழிவுபடுத்தும் பாட்டைப் போட்டார்கள்; இன்னொரு பிரிவினருக்குச் சாதாரணப் பாட்டு. பிறகு, வேறு ஏதோ ஆய்வுக்காக என்று சொல்லி, இன்னொருவர் சாப்பிடப்போகும் உணவில் மிளகாய்ச் சாறு ஊற்றித் தரச் சொன்னார்கள். எவ்வளவு ஊற்றுவது என்பது அவரவர் விருப்பம். இழிவான பாட்டைக் கேட்ட ஆண்கள், சாப்பிடப்போவது பெண் என்று தெரிந்தபோது கூடுதலாக ஊற்றினார்கள். அந்தப் பெண் அவர்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. சில நிமிடப் பாட்டு, மிளகாய்ச் சாற்றைக் கொஞ்சம் கூட்டி ஊற்றவைக்கப் போதுமானதாக இருந்தது.

பிரான்சில் நிக்கோலா கெகென் குழுவினர் 2010-ல் வெளியிட்ட சோதனை இன்னும் மென்மையான விஷயத்தைப் பற்றியது. 18 முதல் 20 வயதுப் பெண்கள் காத்திருந்த அறையில், சிலருக்கு ஒரு காதல் பாட்டும் மற்றவர்களுக்குக் காதலே இல்லாத ஒரு பாட்டும் பின்னணியில் ஒலித்தது. கொஞ்ச நேரம் கழித்து, உடன் பணிசெய்ய வந்த ஓர் இளைஞர் அவர்களிடம் தொலைபேசி எண்ணைக் கேட்டார். காதல் பாட்டைக் கேட்டவர்களில் 52 சதவீதம் பேர் கொடுத்தார்கள். மற்ற பிரிவில் கொடுத்தவர்கள் 28 சதவீதம். இவை சிறிய சோதனைகள். ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்ததும் அந்த மனநிலை எவ்வளவு நேரம் நிற்கும் என்பது வேறு கேள்வி. ஆனால், ஒரே ஒரு முறை கேட்டதற்கே இவ்வளவு அசைவு இருக்கிறது என்றால், வாரக்கணக்கில் திரும்பத் திரும்பக் காதில் விழும் பாட்டைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது.

இதிலிருந்து காதலையும் காமத்தையும் பாடுவதே ஆபத்து என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 12 முதல் 17 வயது வரையிலான 1,461 பேரிடம் 2001-ல் தொடங்கி மூன்று முறை பேட்டி கண்டார்கள். பெண்ணை வெறும் உடம்பாகவும் ஆணை அடங்காதவனாகவும் காட்டும் பாட்டுகளை அதிகம் கேட்டவர்கள் சீக்கிரமே பாலுறவில் இறங்கினார்கள். அப்படி இழிவு எதுவும் இல்லாமல் காமத்தைப் பாடிய பாட்டுகளுக்கு அந்தத் தொடர்பு இல்லை. எதைப் பாடுகிறது என்பதைவிட, எதிரில் இருப்பவரை மனுஷியாக மதித்துப் பாடுகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் பெரியவர்கள் பாட்டைப் பற்றிக் கவலைப்படும்போது பெரும்பாலும் தப்பான இடத்தில் கவலைப்படுகிறார்கள். ஒரு முத்தத்துக்கு முகம் சுளிக்கிறவர்கள், மறுத்த பெண்ணை மிரட்டும் வரிக்குத் தாளம் போடுகிறார்கள்.

வீடு பேசாததைப் பாட்டு பேசுகிறது

தமிழ்நாட்டில் இது மேல்நாட்டைவிடப் பெரிய விஷயம். ஒரு பையன் ஒரு பெண்ணிடம் எப்படிப் பேசுவது, அவள் விருப்பமில்லை என்றால் என்ன செய்வது, அந்த வலியை எப்படித் தாங்குவது என்று அவனுக்குச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? பல வீடுகளில் காதல் என்ற பேச்சையே எடுக்க முடியாது. ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டாலே கண்டிக்கும் பள்ளிகளும் கல்லூரிகளும் இன்னும் இருக்கின்றன. சாதி பார்த்துக் காதலை அறுத்தெறியும் ஊர்களில், மகனோடு உட்கார்ந்து இதைப் பேசும் அப்பா அபூர்வம். அந்த வெற்றிடத்தில் அவனுக்குக் கிடைக்கும் ஒரே பாடம் சினிமாப் பாட்டு. அதுவும் காதால் கேட்பது மட்டுமில்லை. நம் பாட்டைக் கண்ணாலும் பார்க்கிறோம். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணின் பின்னால் நாயகன் போகிறான். அவள் முறைக்கிறாள், விலகி நடக்கிறாள். அவன் நண்பர்கள் சுற்றி நின்று ஆடுகிறார்கள். இரண்டாம் சரணத்துக்குள் அவள் சிரித்துவிடுகிறாள். நிஜத்தில் பல மாதங்கள் ஒருத்தியை அச்சத்தில் தள்ளும் காரியம், நாலரை நிமிடத்தில் அழகாக முடிந்துவிடுகிறது.

சட்டம் இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. 1998-ல் சென்னையில் கேலி செய்தவர்களின் கூத்தால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்ததை அடுத்து, தமிழ்நாடு ஈவ் டீசிங் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2024 வரை நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 2013-ல் 354-டி என்ற பிரிவு சேர்ந்தது; அதன் இடத்துக்கு வந்த சட்டத்திலும் அந்தக் குற்றம் தொடர்கிறது. விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் அவளைப் பின்தொடர்ந்து பேச முயல்வது குற்றம். 354-டி முதல் முறைக்கே மூன்று ஆண்டுவரை சிறை விதித்தது. ஆனால் இந்தப் பிரிவைப் படித்த பதினெட்டு வயதுப் பையன்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பின்தொடரும் பாட்டை மனப்பாடமாகப் பாடக்கூடியவர்கள் எத்தனை பேர்? ஒன்று அரசிதழில் இருக்கிறது. மற்றொன்று டீக்கடையிலும் ஷேர் ஆட்டோவிலும் கையில் இருக்கும் ரீல்ஸிலும் இருக்கிறது.

காதலில் தோற்றவன் பாடும் பாட்டுக்கும் இதே கதைதான். 2011 நவம்பரில் ‘3’ படத்தின் ‘கொலவெறி’ பாட்டு வெளியாகி உலகம் சுற்றியபோது, ‘சூப் சாங்’, ‘சூப் பாய்ஸ்’ என்ற சொற்கள் கல்லூரி வளாகங்களில் அன்றாடப் பேச்சாகின. காதலில் தோற்ற வலி அதற்கு முன்பும் இருந்தது. அந்த வலிக்கு ஒரு கூட்டத்தையும் ஒரு பெயரையும் கொடுத்தது அந்த வகைப் பாட்டு. வலியைப் பகிர்ந்துகொள்வதில் தவறே இல்லை. அழ ஒரு பாட்டு வேண்டும். ஆனால் அந்த வகையில் பின்னால் வந்த பல பாட்டுகள், ‘எனக்கு வலிக்கிறது’ என்று தொடங்கி ‘பெண்களே இப்படித்தான்’ என்று முடிந்தன. தன் வலியைப் பாடிய பையன், பழி போடவும் சேர்த்துக் கற்றுக்கொண்டான்.

இதே பலம் ஊருக்கு நல்லதாகவும் வேலை செய்ததைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்திருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. அதனால் எழுந்த கோபம் கிராமங்களில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் புகைந்துகொண்டிருந்தது. 2016-ல் ஹிப்ஹாப் தமிழா ‘டக்கரு டக்கரு’ என்ற தனிப்பாட்டை வெளியிட்டது. 2017 ஜனவரியில் தடையை எதிர்த்துச் சென்னை மெரினாவில் கூடியவர்களில், வாடிவாசலை நேரில் பார்த்தே அறியாத நகரத்து இளைஞர்களும் ஏராளம். அவர்களை அந்தப் பாட்டு அழைத்து வந்தது என்று சொன்னால் மிகை. அவர்களுக்கு அது சம்பந்தமே இல்லை என்று சொன்னால் பொய். இருந்த கோபத்துக்கு இளைஞர்கள் தங்களுடையது என்று உணரக்கூடிய ஒரு குரலை அது கொடுத்தது.

“இருப்பதைத்தான் பாடுகிறோம்”

திரைத்துறையின் முதல் மறுப்பு இது. அதில் மதிக்க வேண்டிய நியாயம் உண்டு. வடசென்னையின் கானா, சாவு வீட்டிலும் தெருமுனையிலும் பிறந்த பாட்டு. உழைத்துக் களைத்தவர்களின் இழப்பு, நட்பு, கேலி, குடி எல்லாம் அதில் இருப்பது, அவை அந்த வாழ்க்கையில் இருப்பதால்தான். 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு முதல் முறையாக மேடையேறியபோது, அதே கானா சாதியையும் இடஒதுக்கீட்டையும் பற்றிப் பேசியது. வாழ்க்கையைப் பாடாதே, ஒழுக்கத்தைப் பாடு என்று அந்தக் கலைஞர்களிடம் சொல்வது அநியாயம். ஆனால் இதே கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இன்னொன்றையும் நிரூபிக்கிறது. அதே தெருவில் சாராயமும் இருக்கிறது, அம்பேத்கர் படிப்பகமும் இருக்கிறது. பின்தொடரும் பையனும் இருக்கிறான், அவனுக்குப் பயந்து வேறு வழியாகப் போகும் பெண்ணும் இருக்கிறாள். எதைப் பாட்டாக்குவது என்று யாரோ ஒருவர் தேர்ந்தெடுக்கிறார். ஐம்பது பாட்டுகளில் பையனின் தவிப்பு மட்டும் வந்து, அந்தப் பெண்ணின் பயம் ஒன்றில்கூட வராவிட்டால், அதை வாழ்க்கையின் பிரதிபலிப்பு என்று சொல்ல முடியாது.

இரண்டாவது மறுப்பு: மக்கள் கேட்பதைக் கொடுக்கிறோம். இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டன்கன் வாட்ஸ் ஆகியோர் 14,341 பேரை வைத்து இணையத்தில் நடத்திய சோதனையை 2006-ல் சயன்ஸ் இதழ் வெளியிட்டது. யாருக்கும் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகள். கேட்பவர்களைத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தன் கூட்டத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதை மட்டும் காட்டினார்கள். ஒரு கூட்டத்தில் முதலிடம் பிடித்த பாட்டு இன்னொரு கூட்டத்தில் எங்கோ கிடந்தது. மிக நல்ல பாட்டு அடியில் போகவில்லை, மிக மோசமானது மேலே வரவில்லை. ஆனால் இடையில் இருந்த பெருங்கூட்டத்தின் தலையெழுத்தை எழுதியது, முதலில் யார் கேட்டார்கள், எத்தனை பேர் கேட்டதாகக் காட்டப்பட்டது என்பதுதான். பெரிய நடிகர், பெரிய விளம்பரம், வெளியான அன்றே லட்சக்கணக்கில் பார்வைகள் என்று தொடங்கும் பாட்டு ‘ஹிட்’ ஆகும்போது, அதில் மக்களின் ரசனை எவ்வளவு, முன்கூட்டியே தள்ளிவிட்ட கை எவ்வளவு என்பதை யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே, மக்கள் கேட்டார்கள் என்று அத்தனை பொறுப்பையும் மக்கள் தலையில் இறக்கிவிட முடியாது.

பாட்டுக்குச் செல்வாக்கே இல்லை என்று தமிழ்த் திரையுலகம் சொல்வது அதன் சொந்த வரலாற்றுக்கே பொருந்தவில்லை. நாகூர் ஹனீபாவின் குரல் இல்லாத திராவிட இயக்க மேடையை அந்தத் தலைமுறையால் நினைத்துப் பார்க்க முடியாது. உழைப்பவனின் தன்மானத்தைப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதினார், எம்.ஜி.ஆர். திரையில் பாடினார், அந்த முகமும் அந்தப் பாட்டுகளும் சேர்ந்து ஒரு முதலமைச்சரை உருவாக்கின. குடிப்பவனாகவும் புகைப்பவனாகவும் திரையில் தோன்றுவதை எம்.ஜி.ஆர். தவிர்த்தது, ரசிகன் தன்னைப் பார்த்து நடப்பான் என்று நம்பியதால்தான். விடுதலைக்கும் தன்மானத்துக்கும் பாட்டு உதவியது என்று பெருமைப்படும் துறை, கேடு என்று வரும்போது மட்டும் ‘பாட்டால் ஒன்றும் ஆகாது’ என்று ஒதுங்கிக்கொள்வது நியாயமில்லை.

மூன்றாவது மறுப்பு கேட்பவர்களிடமிருந்து வருகிறது: நாங்களும்தான் இதையெல்லாம் கேட்டு வளர்ந்தோம், யாரையும் வெட்டவில்லையே? அமெரிக்காவில் துப்பாக்கியையும் தெருச் சண்டையையும் பாடிய ராப் இசை 1990-களில் உச்சத்துக்குப் போனபோது, அங்கே வன்முறைக் குற்றங்கள் வேகமாகக் குறைந்தன என்பதும் உண்மை. இந்த மறுப்பு வலுவானது; ஆனால் அளக்கும் கோல் தவறு. கொலை என்பது வறுமை, ஆயுதம், காவல், குடும்பம் என்று ஆயிரம் காரணங்கள் கூடி நடப்பது. அதன் வரைபடத்தில் ஒரு பாட்டின் தடத்தைத் தேட முடியாது. பாட்டின் தடம் சின்னக் காரியங்களில் இருக்கிறது: முதல் சிகரெட், முதல் பீர், வகுப்புத் தோழிக்கு வைக்கும் பட்டப்பெயர், அவள் பதில் போடாதபோது அனுப்பும் பதினைந்தாவது குறுஞ்செய்தி. புதுதில்லிப் பள்ளிகளில் ஏறத்தாழ 4,000 மாணவர்களை ஆராய்ந்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்திப் படங்களில் புகையிலைக் காட்சிகளை மிக அதிகம் பார்த்தவர்கள், மிகக் குறைவாகப் பார்த்தவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் புகையிலையைத் தொட்டுப் பார்த்தவர்களாக இருந்தார்கள். அந்த மாணவர்களில் யாரும் ஒரு படத்தைக் குற்றம் சாட்டியிருக்க மாட்டார்கள். பார்த்த பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும், பார்த்த கூட்டத்தில் பழக்கம் கூடியது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

தடையால் ஆவதென்ன

அப்படியானால் தடை போட்டுவிடலாமா? பாட்டுக்குச் செல்வாக்கு உண்டு என்று முதலில் புரிந்துகொண்டவர்கள் எப்போதும் ஆட்சியாளர்கள்தான். அவர்கள் அந்த அறிவை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. பாரதி மறைந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1928-ல் பர்மா அரசும் அதைப் பின்பற்றிச் சென்னை மாகாண அரசும் அவருடைய பாடல்களைத் தடை செய்தன, புத்தகங்கள் பறிமுதலாயின. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்து வாதாடினார். இந்தக் காலத்துக்கு லண்டனைப் பார்க்கலாம். கத்திக்குத்துக்கு ‘டிரில்’ என்ற ராப் வகை இசைதான் காரணம் என்று சொல்லி, 2018-ல் காவல்துறை யூடியூபிலிருந்து பல காணொளிகளை எடுக்கச் செய்தது. நீதிமன்றத் தடையை மீறி ஒரு பாட்டை மேடையில் பாடியதற்காக 2019 ஜனவரியில் இரண்டு இளைஞர்களுக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. டிரில் பாட்டுகளின் போக்கையும் லண்டன் வன்முறைக் குற்றங்களையும் ஒப்பிட்ட ஆய்வாளர்களுக்குப் பொருட்படுத்தத்தக்க தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. தடை என்ற வலையில் சிக்குபவர்கள் அங்கே ஏழை வீட்டுக் கறுப்பினப் பையன்களாகவும், இங்கே என்றால் கானா பாடும் பையன்களாகவும்தான் இருப்பார்கள். பெரிய பட்ஜெட்டில், பெரிய நடிகரோடு, பளபளவென்று எடுக்கப்பட்ட பாட்டு அந்த வலையில் விழாது.

ஆகவே பொறுப்பு இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, எழுதுபவர்களும் இசையமைப்பவர்களும் நடிப்பவர்களும். கண்ணியமாக எழுதினால் விற்காது என்பது சாக்கு. இரட்டை அர்த்த வரிகளை எழுத மாட்டேன் என்று உறுதியாக நின்ற பாடலாசிரியர் தாமரை, 2001-ல் ‘மின்னலே’ படத்துக்கு எழுதிய ‘வசீகரா’வில் ஒரு பெண் தன் ஆசையைத் தானே வாய்திறந்து சொன்னாள். பாம்பே ஜெயஸ்ரீ பாடிய அந்தப் பாட்டை ஒரு தலைமுறையே தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடியது. காமம் அதில் குறைவில்லை. யாரையும் இழிவுபடுத்தவும் இல்லை. ஒரு சரணத்தில் அவள் மறுக்க, மறுத்ததை மதித்து அவன் விலகிப்போகும் பாட்டை ஒரு பெரிய நாயகன் பாடி ஆடினால், நூறு விழிப்புணர்வுக் கூட்டங்களுக்கு எட்டாத காதுகளுக்கு அது எட்டும். லாஜிக்கின் பாட்டு அதைத்தான் காட்டியது: இளைஞர்களின் மொழியில், அவர்கள் மதிக்கும் குரலில் சொன்னால் அவர்கள் கேட்கிறார்கள்.

இரண்டாவது பொறுப்பு நம்முடையது. பாட்டுக்கு இவ்வளவு பலம் வந்ததற்குக் காரணம், பிள்ளைகளோடு பேச வேண்டியதை நாம் பேசாமல் விட்டதுதான். ஒலிக்கும் பாட்டை நிறுத்தச் சொல்லி அதட்டினால், காதொலிக் கருவிக்குள் அதே பாட்டு தனியாக ஒலிக்கும். கூடவே உட்கார்ந்து கேட்டுவிட்டு, ‘அந்தப் பெண் ஏன் பதில் சொல்லவில்லை? அவள் இடத்தில் நீ இருந்தால்?’ என்று கேட்கும் அம்மாவும் ஆசிரியரும் அந்தப் பாட்டின் பலத்தில் பாதியைத் தம் கைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ் வகுப்பில் அகத்துறைப் பாடலுக்குப் பொருள் சொல்லும் ஆசிரியர், பக்கத்திலேயே இந்த ஆண்டின் ஹிட் பாட்டையும் வைத்து, இரண்டிலும் பெண் என்ன பேசுகிறாள் என்று கேட்கலாம். அதற்குப் புதிய பாடத்திட்டம் எதுவும் தேவையில்லை. காதலையும் தோல்வியையும் மறுப்பையும் பற்றிப் பேச வீட்டில் ஒருவர், பள்ளியில் ஒருவர் இருந்துவிட்டால், எந்தப் பாட்டும் அந்தப் பிள்ளைக்கு ஒரே வழிகாட்டியாக இருக்காது. பாட்டை அவன் பாட்டாகவே ரசிப்பான். அப்படி ரசிக்கும் சுதந்திரத்தை அவனுக்குக் கொடுப்பது தணிக்கைக் குழுவின் வேலையில்லை. பெரியவர்களாகிய நம் வேலை.